முன்பணம் கொடுக்காத பக்தர்

உலகத்தில் பக்தர்கள் பலவிதம். காரியம் கைகூடிய பிறகு தேங்காய் உடைக்கிறவர் ஒருவிதம். கைகூடுவதற்காக முன்கூட்டியே உடைக்கிறவர் இன்னொரு விதம். கைகூடினாலும் கூடாவிட்டாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து நின்று, சுவாமியின் அலங்காரம் சென்ற வாரத்தைப் போல் இல்லை, அர்ச்சகருக்குச் சிரத்தை குறைந்துவிட்டது, மடைப்பள்ளியில் நெய் களவு போகிறது என்று பிராகாரம் முழுவதும் குறை சொல்லிக்கொண்டே சுற்றிவிட்டு, மறு வெள்ளிக்கிழமையும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர் மூன்றாம் விதம். இந்த மூன்றாம் விதத்தாரால்தான் கோயில்கள் நிலைத்து நிற்கின்றன என்பது என் அபிப்பிராயம். கால்பந்துக் கழகங்களும் அப்படியே. இவ்வினத்தின் உத்தம மாதிரியைத் தரிசிக்க விரும்புகிறவர் கல்கத்தாவுக்குப் போய், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகின்ற ‘பெரிய மேட்ச்’ தினத்தன்று காலையில், அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு மோகன் பகான் அபிமானியைச் சந்திக்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு சந்தித்துப் பயனில்லை. ஜெயித்திருந்தால் எல்லாரையும் போலச் சிரிப்பார். தோற்றிருந்தால் எல்லாரையும் போல அழுவார். அவருடைய விசேஷ குணங்கள் பிரகாசிப்பதெல்லாம் ஆட்டத்துக்கு முன்புதான்.

இந்த அபிமானத்தை அவர் யோசித்து வரித்துக்கொண்டதாக எண்ணிவிடக் கூடாது. கோத்திரத்தை யார் யோசித்து வரிக்கிறார்கள்? 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி வட கல்கத்தாவில் தோன்றிய இந்தக் கழகம், அவர் பிறப்பதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில், பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடி, பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை இரண்டுக்கு ஒன்று என்று வீழ்த்திய வரலாறு அவருக்குத் தாலாட்டோடு சேர்ந்து காதில் விழுந்தது. பாட்டனார் அந்த ஆட்டத்துக்குப் போயிருந்தார். ஆனால் ஆட்டத்தைப் பார்த்தாரா என்றால், பார்க்கவில்லை. ஜனசமுத்திரத்தின் பின்வரிசையில் அகப்பட்டுக்கொண்ட அவர், ஸ்கோரைத் தெரிவிப்பதற்காக ஆகாயத்தில் பறக்கவிட்ட காற்றாடிகளைத்தான் பார்த்தார். எனினும், காற்றாடியைப் பார்த்த பாட்டனாரின் பேரர், சிவதாஸ் பாதுரி சமன் செய்த கோலையும் அபிலாஷ் கோஷ் வெற்றியைத் தேடித் தந்த கோலையும், கோல் கம்பத்துக்குப் பக்கத்திலே நின்றவரைப் போல வர்ணிப்பார். அந்த டிசம்பரில் டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரத்தைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாகப் பிரகடனம் செய்ததற்குச் சரித்திர ஆசிரியர்கள் ஏதேதோ காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். நம் அபிமானிக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: ஜூலையில் தோற்ற ஊரில் டிசம்பருக்கு மேல் முகத்தைக் காட்ட வெள்ளைக்காரனுக்கு வெட்கமாக இருந்தது.

இத்தகைய பரம்பரைப் பெருமை உடையவர் பெரிய மேட்ச் அன்று மார்பை நிமிர்த்திக்கொண்டு எழுந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அன்று அவர் எழுந்திருக்கும்போதே தோற்றுப்போயிருப்பார். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்து, காயம் பட்டவர்கள் யார், மஞ்சள் அட்டை வாங்கியவர்கள் யார் என்ற இரண்டு விவரங்களை மட்டும் வாசித்துவிட்டு, வெற்றி வாய்ப்பைப் பற்றி நிபுணர்கள் எழுதியிருப்பதை உள்ளங்கையால் மறைத்து மடித்து வைப்பார். பிறகு தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போய், மண் கோப்பை ஒன்றைக் கையில் வாங்கியதும், முதல் வாய் தேநீர் உள்ளே இறங்குவதற்கு முன்பே பிரசங்கம் ஆரம்பமாகிவிடும்.

“கோல்கீப்பர் என்கிறார்களே, பந்து எங்கே அவன் கைக்கு வருகிறது? வலைக்குள் போய்க் கிடக்கிற பந்தை இவன்தான் குனிந்து எடுத்து வருகிறான். கோஷ்டோ பாலைச் சீனப் பெருஞ்சுவர் என்று சொன்னார்கள். இப்போது பின்களத்தில் நிற்கிற நால்வரையும் வாசல் என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் தாழ்ப்பாள் இல்லாத வாசல். நடுக்களத்துக்காரன் பந்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறான். தானம் கொடுத்தவன் நிற்கலாம், பாஸ் கொடுத்தவன் ஓட வேண்டாமா? முன்னால் இருக்கிற வெளிநாட்டுக்காரன் நல்ல ஆட்டக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் நல்ல ஆட்டக்காரன் என்பதை மற்ற பத்துப் பேருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பயிற்சியாளரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை” என்று தொடங்கி, சொல்வதற்கில்லாத அந்த விஷயத்தைப் பற்றி இரண்டாவது கோப்பைத் தேநீர் ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். முடிவில், மூன்றுக்குப் பூஜ்யம் என்று தம் கட்சியின் தோல்வியைத் தாமே நிர்ணயம் செய்து, காசை வைத்துவிட்டு எழுந்திருப்பார். அன்றைய தோல்வியை அனுபவிக்க வேண்டிய அளவுக்கு அங்கேயே அனுபவித்துத் தீர்த்துவிட்டபடியால், அதன் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு காணப்படும். மாலையில் நடப்பது எதுவானாலும் இனி அது லாபக் கணக்கில்தானே சேரும்!

இந்த அவநம்பிக்கை அவருடைய பிறவிக் குணம் என்று சொல்ல மாட்டேன்; சிரமப்பட்டுச் சம்பாதித்த ஞானம் அது. 1975 செப்டம்பர் 30 அன்று, அவர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்தில், ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல் போட்டது. மோகன் பகான் ஒன்றும் போடவில்லை. அந்த ‘ஐந்து’ என்ற எண்ணை அவர் இன்றைக்கும் கூடியமட்டும் உச்சரிப்பதில்லை. கடையில் ஐந்து வாழைப்பழம் வேண்டியிருந்தால் அரை டஜனாக வாங்கிவிடுவார். ஆயினும் அவருக்குப் பூரண ஞானோதயம் ஏற்பட்டது 1997 ஜூலை 13-ஆம் தேதிதான். பெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அக்காலத்தில் மோகன் பகானின் பயிற்சியாளராக இருந்த அமல் தத்தா, ஆட்டக்காரர்களை வைர வடிவத்தில் நிறுத்துகிற புதிய வியூகம் ஒன்றை வகுத்து, எதிர்ப்பட்ட அணிகளைத் துவம்சம் செய்துகொண்டிருந்தார். அதோடு திருப்தி அடைந்திருந்தால் க்ஷேமமாக இருந்திருக்கும். ஆட்டத்துக்கு முந்தின தினங்களில் எதிரணி வீரர்களின் பெயர்களைத் திரித்து, ஓமோலோவை ஆம்லெட் என்றும் பைசுங்கைச் சுங்சுங் என்றும் பரிகாசம் செய்தார், ஊரே சிரித்தது, நம் அபிமானியும் அந்த ஒரு வாரம் நம்பிக்கை என்னும் துர்ப்பழக்கத்துக்கு இடங்கொடுத்து, அலுவலகத்தில் எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எதிரணியின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி தம் ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பரிகாசத்தையே மருந்தாகக் கொடுத்தார். பைசுங் பூட்டியா தனியொருவராக மூன்று கோல் போட, நாலுக்கு ஒன்று என்று ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அன்றிலிருந்து நம்மவர் ஆட்டத்துக்கு முன்பு ஜெயிப்பதை அறவே விட்டுவிட்டார். சந்தேஷ் வாங்குவதும் ஆட்டம் முடிந்து, நடுவர் குளித்து, வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான்.

‘அது பழைய கதை, இப்போது உங்கள் அணிதானே ஓங்கி நிற்கிறது?’ என்று நீங்கள் ஆறுதல் சொல்லப் புகுந்தால், அதைவிட அவருக்குப் பீதி உண்டாக்கும் வார்த்தை வேறில்லை. இரண்டு கழகங்களும் 2020-21 பருவத்தில் ஐ.எஸ்.எல். பந்தயத்தில் சேர்ந்தன, முதல் மூன்று பருவங்களில் ஆறு முறை மோதின, ஆறிலும் மோகன் பகானே ஜெயித்தது. மற்றவர்கள் ஒவ்வொரு வெற்றிக்கும் பட்டாசு கொளுத்தினார்கள்; இவரோ ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு சுற்று இளைத்தார். விதி தன் கணக்குப் புத்தகத்தில் பாக்கியை ஏற்றிக்கொண்டே போகிறது என்பது அவர் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை நிரூபிப்பதற்கென்றே 2023 ஆகஸ்டு 12 அன்று டூராண்ட் கோப்பை ஆட்டத்தில் சென்னைப் பிள்ளை நந்தகுமார் சேகர், ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே ஒரு கோல் போட்டு, நான்காண்டுக்கு மேலாகத் தொடர்ந்த வறட்சியை முடித்துவைத்தார். அன்று முதல் தெற்குக் கல்கத்தாவில் வசிக்கும் தமிழர் ஒவ்வொருவரும் நம் அபிமானிக்கு ஒரு கோல் கடன்பட்டவர்களாகிவிட்டோம். அந்தப் பிள்ளையை நான் நேரில் கண்டதுகூடக் கிடையாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மூன்று வாரத்தில், செப்டம்பர் 3-ஆம் தேதி, அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் பத்துப் பேராகக் குறைந்துபோன மோகன் பகான், பெட்ராட்டோஸ் போட்ட கோலால் ஈஸ்ட் பெங்காலை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றதே, கணக்கு நேராகிவிட்டதல்லவா என்று கேட்டேன். “அது வட்டி” என்றார்.

அவருடைய பெரிய மேட்ச் வைராக்கியம் முழுவதையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால் மீன் கடையில்தான் காண வேண்டும். கல்கத்தாவில் இவ்விரு கழகங்களுக்கும் கொடியும் நிறமும் தனித்தனியாக இருப்பதுபோல மீனும் தனித்தனி. மோகன் பகான் ஜெயித்தால் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா. ஜெயித்த கட்சியின் மீன் அன்று மாலையே விலை ஏறிவிடும் என்பதால், முன்யோசனையுள்ளவர்கள் காலையிலேயே வாங்கிவிடுவார்கள். ஆனால் காலையில் வாங்குவது என்றால், ஜெயிப்போம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? வாங்காமலிருந்தால், ஜெயித்துவிட்டபோது இறால் இல்லாமல் போகும். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் வாங்கப் போன ஒரு நாள், இந்தத் தர்மசங்கடத்தை அவர் நிவர்த்தி செய்துகொண்ட விதத்தைப் பக்கத்தில் நின்று கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மீன்காரர், எதிர்பார்க்கக்கூடியபடி, ஈஸ்ட் பெங்கால்காரர். பெரியவரைத் தந்தையின் தமையன் முறை வைத்து ‘ஜேட்டு’ என்று அழைப்பவர். எதிரே ஈரத் தட்டில் நீலக் கொடுக்குகளும் நீண்ட மீசைகளுமாகப் பெரிய இறால்கள் கிடந்தன. ஒன்றின் மீசை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பெரியவர் அதன் தலையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

“என்ன ஜேட்டு, ஒரு கிலோ நிறுக்கட்டுமா?”

“நிறுக்காதே. எடுத்து ஒரு பக்கமாக வை.”

“முன்பணம்?”

“முன்பணமா! கொடுத்தால் ஜெயிப்போம் என்று நானே சொன்னதாக ஆகாதோ?”

“ராத்திரி நீங்கள் வராமல் போனால் நான் இதை என்ன செய்வது?”

“நான் வரவில்லை என்றால் உன் கட்சி ஜெயித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கிலோ இறால் நஷ்டப்படக் கூடாதா நீ?”

மீன்காரர் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தார். “உங்கள் கட்சி ஜெயித்தால் உங்களுக்காக நான் ஐஸ் வைத்துக் காத்திருக்க வேண்டும், என் கட்சி ஜெயித்தால் எனக்கு மீன் நஷ்டம். இதில் எனக்கு எப்போது லாபம் ஜேட்டு?”

“நீ ஈஸ்ட் பெங்கால்காரன். உனக்கு எதற்கு லாபம்?” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மீன்காரர் முணுமுணுத்துக்கொண்டே, அந்த இறால்களைத் தனியாக எடுத்து ஐஸுக்குள் புதைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு தூரம் தம் அணியைத் தூஷிக்கிறவரோடு நீங்களும் சேர்ந்துகொண்டு, ‘ஆமாம், இந்தத் தடவை உங்கள் அணி மோசந்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்! அந்தக் கணமே பேச்சின் சுருதி மாறிவிடும். 1977 செப்டம்பரில் ஈடன் கார்டன்ஸில் பெலே வந்து ஆடிய நியூயார்க் காஸ்மாஸை இரண்டுக்கு இரண்டு என்று மடக்கி நிறுத்தியது யார் என்று கேட்பார். 2009-இல் பெரிய மேட்சில் ஐந்துக்கு மூன்று என்று வென்றது யார், அதில் சிடி எடே ஒருவரே நாலு கோல் போட்டது எந்த அணிக்காக என்று கேட்பார். (அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் ‘ஐந்து’ என்ற எண் அவர் வாயிலிருந்து தாராளமாக வரும்.) 1925-இல் லீக் பந்தயத்தில் இரு கழகங்களும் முதல் தடவையாக மோதியபோது ஜெயித்தது ஈஸ்ட் பெங்கால் அல்லவா என்று நீங்கள் நினைவூட்டினால், 1920-இல் பிறந்த குழந்தை என்று பெரியவர்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்பார்.

மோகன் பகான் மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளின் கழகம், மற்றது கிழக்கேயிருந்து வந்தவர்களின் கழகம் என்ற பாகுபாட்டிலும் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. அவர் கையெடுத்துக் கும்பிடும் கோஷ்டோ பால் பிறந்தது கிழக்கு வங்கத்து பரீத்பூர் ஜில்லாவில். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற இந்திய அணிக்குத் தலைமை வகித்தவரும் மோகன் பகானைவிட்டு வேறு கழகத்துக்கு ஆடப் போகாதவருமான சுனி கோஸ்வாமி பிறந்தது கிழக்கு வங்கத்துக் கிஷோர்கஞ்சில். 1911-இன் வெறுங்கால் வீரர்களிலும் பலர் கிழக்கத்திக்காரர்களே. இதை எடுத்துச் சொன்னால் அவர் சற்றும் கலங்க மாட்டார். “நல்லவர்கள் எங்கே பிறந்தாலும் சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்” என்று பதில் வரும். அந்த விதிப்படியே வந்து சேர்ந்தவர் அவருடைய மனைவியும். அந்த அம்மாள் பிறந்த வீடு தலைமுறை தலைமுறையாக ஈஸ்ட் பெங்கால் வீடு. பெரிய மேட்ச் அன்று அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு முழுத் தேங்காய் உடைக்காமல் இருக்கும். பக்கத்தில் கடுகு ஊறிக்கொண்டிருக்கும். இறால் வந்தால் தேங்காய். ஹில்சா வந்தால் கடுகு. எது வந்தாலும் சமைக்க அந்த அம்மாள் சித்தமாயிருப்பார்; எது வர வேண்டும் என்று பிரார்த்திக்கிறார் என்பதை நாற்பது வருஷமாக அவர் கேட்டதுமில்லை, அம்மாள் சொன்னதுமில்லை.

எதையும் பொறுத்துக்கொள்ளும் இந்த மனிதர் பொறுக்காதது ஒன்று உண்டென்றால் அது கழகத்தின் பெயரில் கை வைப்பது. 2020-இல் ஏ.டி.கே. என்ற வேறோர் அணியுடன் இணைத்து, மோகன் பகான் பெயருக்கு முன்னால் அந்த மூன்று எழுத்துக்களைக் கொண்டுபோய் ஒட்டினார்கள். பச்சையும் அரக்குச் சிவப்புமான சட்டையும் பாய்மரப் படகுச் சின்னமும் மாறவில்லை. ஆனாலும் அவர் அந்த எழுத்துக்களை உச்சரிக்க மறுத்து, பத்திரிகையில் வந்த இடத்திலெல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார். அபிமானிகள் ஊர் முழுவதும் கிளர்ச்சி செய்தார்கள். 2023 மார்ச்சில் கோவாவில் பெங்களூர் அணியைப் பெனால்டியில் வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைப் பெற்ற இரவில், அந்த மூன்று எழுத்துக்களும் நீங்கும் என்று உரிமையாளர் அறிவித்தார். பக்கத்து வீட்டார் கோப்பைக்காகக் கூத்தாடினார்கள். நம்மவர் எழுத்துக்கள் தொலைந்ததற்காகக் கண்ணீர் விட்டார். பிற்பாடு பெயருக்குப் பின்னால் ‘சூப்பர் ஜயண்ட்’ என்று சேர்த்தபோது அவ்வளவாக எதிர்க்கவில்லை. “வால் இருந்துவிட்டுப் போகட்டும், கொம்புதான் கூடாது” என்றார்.

பிற்பகல் ஆனதும் புறப்படுவார். 2009-இல் உடுத்திய அதே சட்டை, வானம் நிர்மலமாக இருந்தாலும் கையில் அதே குடை. வாசல் தாண்டும்போது, “எதற்காகப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, மூன்று கோல் வாங்கப் போகிறார்கள், அதைப் பார்க்க ஒரு டிக்கெட் வேறு” என்று அங்கலாய்ப்பார். அந்த டிக்கெட்டை விற்பனை தொடங்கிய முதல் நாளே வரிசையில் நின்று வாங்கியவர் அவர்தான். ஆட்டம் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், தாமதமாகப் போனால் நல்ல இடம் கிடைக்காது என்பார். தோல்வியை நல்ல இடத்திலிருந்து பார்ப்பதில் என்ன சுகம் என்று மேற்கொண்டு கேட்பது நாகரிகமல்ல.

அவரைப் பற்றி என் தீர்ப்பு இதுதான். நம்பிக்கையுள்ளவன் தோல்விக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறான். நம்பிக்கை இல்லாத இவரோ அடுத்த ஆட்டத்துக்கும் குடையோடு புறப்பட்டுவிடுகிறார். கழகத்தின் கஜானாவுக்கும் மைதானத்தின் படிக்கட்டுகளுக்கும் வேண்டியவர் இவரே.

ஆகவே கல்கத்தாவுக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெரிய மேட்ச் அன்று இப்படி ஒருவரைக் கண்டால், ‘இன்று ஜெயிப்பீர்கள்’ என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள்; அது அபசகுனம். ‘தோற்பீர்கள்’ என்றும் சொல்லாதீர்கள். அந்த உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. ‘டிரா ஆகலாம்’ என்பதும் வேண்டாம். டிராவை அவர் இரண்டு தோல்வியாகக் கணக்கிடுவார். சால்ட் லேக் மைதானத்துக்கு வழி எது என்று மட்டும் கேளுங்கள். அவரே கூட்டிப்போவார், உங்கள் தேநீருக்கும் அவரே காசு கொடுப்பார். நீங்கள் தமிழர் என்பதைக் கூடியவரையில் வெளியிடாதிருப்பது நலம்.